பொது நிகழ்ச்சிக்கு ஹாம் ரேடியோ சேவை: கிளப்புகளுக்கான முழுமையான வழிகாட்டி

மாரத்தான், சைக்கிள் பந்தயம், நீண்ட நடைப்பயணம் போன்ற நிகழ்ச்சிகளில் தொடர்பு வசதி செய்து தருவதுதான் ஒரு ஹாம் கிளப் (உரிமம் பெற்றுப் பொழுதுபோக்காக ரேடியோவில் பேசும் அமெச்சூர்களின் சங்கம்) ஊருக்குச் செய்யக்கூடிய மிக நேரடியான சேவை. பேரிடர் வந்தால் கைகொடுக்க வேண்டும் என்று நினைக்கும் கிளப்புக்கு இதைவிட நல்ல பயிற்சியும் கிடையாது. நீண்ட பாதை, இறைந்து கிடக்கும் ஆட்கள், அவசரச் செய்திகள், களைப்பு எல்லாமே இதில் உண்டு. பேரிடரில் உள்ள உயிராபத்து மட்டும்தான் குறைவு.

புதிதாக இறங்கும் கிளப்புகள் பெரும்பாலும் செட்டிலிருந்து, அதாவது ரேடியோ கருவியிலிருந்து, தொடங்குகின்றன. யாரிடம் எத்தனை ஹேண்டி (கையடக்க செட்) இருக்கிறது, எந்த ஆன்டெனா நல்லது என்ற பேச்சிலேயே முதல் கூட்டம் முடிந்துவிடும். வரிசை அதற்கு நேர் எதிரானது. யாருக்கு என்ன தகவல் தேவை என்பது முதலில். அது எந்த இடத்தில் கிடைக்கும் என்பது அடுத்தது. அந்த இடத்திலிருந்து அலை எட்டுமா என்பது மூன்றாவது. ஆளும் கருவியும் அதற்கப்புறம்தான். உரிமத்தையும் விதியையும் பார்த்த பிறகு இந்த வழிகாட்டி அந்த வரிசையிலேயே போகிறது. எந்தப் படியையும் முன்னால் இழுக்க வேண்டாம்.

1. உரிமத்தையும் விதியையும் முதலில் பாருங்கள்

பிடிடி பொத்தானை (அழுத்திக்கொண்டு பேசும் பொத்தான்) அழுத்தப்போகும் ஒவ்வொருவரின் உரிமமும் நடப்பில் இருக்கிறதா, பயன்படுத்தப்போகும் அலைவரிசைப் பட்டைக்கு அது செல்லுமா என்று பட்டியல் போடுங்கள். உரிமம் இல்லாத ஆர்வலர்கள் நிச்சயம் வருவார்கள். அவர்களைத் திருப்பி அனுப்பத் தேவையில்லை. பதிவேடு எழுத, வரைபடத்தில் குறிக்க, செய்தித் தாளை எடுத்துக்கொண்டு ஓட ஆள் எப்போதும் போதாது.

அமெச்சூர் சேவை பண லாபத்துக்கானது அல்ல என்பது சர்வதேச வானொலி விதிகளில் உள்ள வரையறை. அதனால் கட்டணம் வாங்கிக்கொண்டு இதைச் செய்யக் கூடாது. அமைப்பாளர் அன்போடு உறை நீட்டினாலும் மறுத்துவிடுங்கள். சாப்பாடு, பயணச் செலவு போன்றவற்றை உங்கள் நாட்டு விதி எப்படிப் பார்க்கிறது என்று முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள்.

ஹாம் அல்லாத ஒருவர் சார்பில் செய்தி அனுப்புவது அடுத்த விஷயம். நாடுகளுக்கிடையே இது அவசர நிலைக்கும் பேரிடர் நிவாரணத்துக்கும் மட்டுமே என்று அந்த விதிகளின் 25-ஆம் பிரிவு சொல்கிறது. உள்நாட்டுக்குள் எவ்வளவு அனுமதி என்பது நாட்டுக்கு நாடு மாறும். உள்ளூர் ஓட்டப் பந்தயத்தில் அமைப்பாளரின் செய்தியை எடுத்துச் சொல்வதும் இந்தக் கேள்விக்குள்தான் வருகிறது. உங்கள் விதிப்புத்தகத்தைத் திறந்து அந்தப் பத்தியைப் படித்த பிறகே அமைப்பாளரைச் சந்திக்கப் போங்கள். வாக்குக் கொடுத்துவிட்டுப் பின்வாங்கினால் கிளப்பின் பெயர் கெடும்.

2. அமைப்பாளரிடம் சரியான கேள்வியைக் கேளுங்கள்

“உங்களுக்கு எத்தனை ரேடியோ வேண்டும்?” என்று கேட்காதீர்கள். அவருக்குத் தெரியாது. பத்து என்பார், நீங்களும் பத்துப் பேரைத் தேடி அலைவீர்கள்.

கேட்க வேண்டியது இது: “நிகழ்ச்சி நடக்கும்போது எது நடந்தால் உங்களுக்கு உடனே தெரிய வேண்டும்? தெரிந்ததும் என்ன செய்வீர்கள்?” இரண்டாவது பாதி முக்கியம். தெரிந்தும் ஒன்றும் செய்யப்போவதில்லை என்றால் அந்தத் தகவலை அலையில் ஏற்ற வேண்டியதில்லை.

மாரத்தான் என்றால் பதில்கள் பெரும்பாலும் ஒரே மாதிரி இருக்கும். முதல் ஓட்டக்காரர் எங்கே, கடைசி ஓட்டக்காரர் எங்கே, யார் விலகினார், அவரை ஏற்றிக்கொள்ள வண்டி போயிற்றா, யாருக்காவது உடல்நிலை மோசமா, எந்த மேசையில் தண்ணீர் தீர்கிறது, எந்தச் சாலையைத் திறந்துவிடலாம். இவற்றில் அதிகம் கேட்கப்படுவது கடைசி ஓட்டக்காரர் எங்கே என்பதுதான். அவர் கடந்த பிறகே மேசையை எடுக்க முடியும், சாலையைத் திறக்க முடியும், ஆட்களை வீட்டுக்கு அனுப்ப முடியும். 

முடிவெடுப்பவர் யார் என்றும் பெயரோடு கேட்டுக்கொள்ளுங்கள். மருத்துவம், போக்குவரத்து, பொருள்கள் என்று ஒவ்வொன்றுக்கும் ஒருவர். “எல்லாவற்றுக்கும் என்னிடம் சொல்லுங்கள்” என்று சொல்லும் அமைப்பாளர் நிகழ்ச்சி தொடங்கியதும் மேடையில் நின்றுகொண்டிருப்பார், கையில் கிடைக்கமாட்டார்.

நாம் செய்யாதது எது என்பதையும் ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். போக்குவரத்தை நிறுத்தமாட்டோம், முதலுதவி செய்யமாட்டோம், கூட்டத்தைக் கட்டுப்படுத்தமாட்டோம். இது கறாராகத் தெரியலாம். ஆனால் தண்ணீர் மேசையில் ஆள் குறைந்ததும், “சும்மாதானே நிற்கிறீர்கள்” என்று நம் ஆளின் கையில் கோப்பையைக் கொடுத்துவிடுவார்கள். அந்த நேரத்தில் வரும் அழைப்பைக் கேட்க அங்கே யாரும் இருக்கமாட்டார்கள்.

3. கேள்விகளை இடங்களாக மாற்றுங்கள்

பாதையின் வரைபடத்தை விரித்து, ஒவ்வொரு கேள்விக்கும் பதில் எந்த இடத்தில் கண்ணில் படும் என்று குறியுங்கள். கிலோமீட்டருக்கு ஒருவர் என்று சமமாகப் பிரித்து நிறுத்துவது வரைபடத்தில் அழகாக இருக்கும், பாதையில் வீண். முதலுதவிக் கூடாரம், பாதை பிரியும் முனை, தண்ணீர் மேசை, முடிவுக் கோடு ஆகியவைதான் தகவல் பிறக்கும் இடங்கள்.

நகரும் இடங்களை மறந்துவிடாதீர்கள். கடைசி ஓட்டக்காரருக்குப் பின்னால் வரும் வண்டியில் ஒருவர் கட்டாயம் வேண்டும். விலகியவர்களை ஏற்றும் வண்டியில் ஒருவர். மருத்துவப் பொறுப்பாளருக்கும் நிகழ்ச்சிப் பொறுப்பாளருக்கும் நிழலாக ஒவ்வொருவர். அவர்கள் எங்கே போனாலும் இவர் இரண்டடி தள்ளிக் கூடவே போக வேண்டும், கழிப்பறை வாசல் வரை. நிழலாகப் போக மிகத் திறமையான ஆபரேட்டர் தேவையில்லை, பொறுமையும் நல்ல செருப்பும் இருந்தால் போதும்.

ஒவ்வொரு இடத்துக்கும் அலையில் அழைக்க எளிய பெயர் ஒன்று வையுங்கள். “முதலுதவி இரண்டு”, “தண்ணீர் ஐந்து”, “கடைசி வண்டி”. மதியம் ஆள் மாறினாலும் பெயர் மாறாது, கேட்பவருக்கு இடமும் உடனே புரியும். இந்தப் பெயர் உரிமத்தோடு கிடைக்கும் அழைப்புக்குறிக்கு மாற்று அல்ல. விதி சொல்லும் இடைவெளியில் அவரவர் தன் அழைப்புக்குறியையும் சொல்லியாக வேண்டும். சில நாடுகளில் அது 10 நிமிடத்துக்கு ஒருமுறை.

4. பாதையில் நின்று சோதியுங்கள்

புதியவர்கள் அதிகம் தாண்டிப்போகும் படி இதுதான். ரிப்பீட்டர் என்பது உயரத்தில் நின்று, கேட்டதை மறுபடி அனுப்பும் நிலையம். “ரிப்பீட்டர் ஊர் முழுக்க எட்டும்” என்ற நம்பிக்கையில் விட்டுவிடுவார்கள். வண்டிக் கூரையில் ஆன்டெனா வைத்துப் பேசியவருக்கு எட்டியது, இடுப்பில் ஹேண்டி செருகியவருக்கு எட்டாது.

ஹேண்டிகள் பேசும் 2 மீட்டர் பட்டையில் (சுமார் 145 மெகாஹெர்ட்ஸ்) அலை ஏறத்தாழ நேர்கோட்டில் போகும். இரண்டு ஆன்டெனாக்களின் உயரத்தை மீட்டரில் எடுத்து, ஒவ்வொன்றின் வர்க்கமூலத்தையும் கூட்டி, 4.12-ஆல் பெருக்கினால் தடையில்லாத சமதரையில் எத்தனை கிலோமீட்டர் என்று கிடைக்கும். இருவரும் தரையில் நின்று ஹேண்டியை 1.5 மீட்டர் உயரத்தில் பிடித்தால் சுமார் 10 கிலோமீட்டர். ஒருவர் 16 மீட்டர் உயரத்தில் ஆன்டெனா வைத்தால் சுமார் 21 கிலோமீட்டர். இது மேல் எல்லை மட்டுமே. கட்டடமும் மரமும் மேடும் உள்ள இடத்தில் ஹேண்டிக்கு ஹேண்டி ஓரிரு கிலோமீட்டரிலேயே உடைந்துவிடும். இந்தக் கணக்கின் பயன் ஒன்றுதான்: வாட்டைக் கூட்டுவதைவிட உயரத்தைக் கூட்டுவது எவ்வளவு பலன் தரும் என்று காட்டிவிடும்.

சோதனைக்கு இருவர் போதும். ஒருவர் கட்டுப்பாட்டு அறை இருக்கப்போகும் அதே இடத்தில், அதே உயர ஆன்டெனாவோடு. மற்றவர் குறித்த ஒவ்வொரு இடத்திலும், நிகழ்ச்சியன்று கொண்டுபோகப்போகும் அதே ஹேண்டியோடு. ஒவ்வொரு இடத்திலும் நின்று ஒரு முழு வாக்கியம் பேசிக் கேளுங்கள். “கேட்கிறதா, கேட்கிறது” என்று முடித்துக்கொண்டால் பாதி உண்மைதான் தெரியும்.

தரத்தை மூன்றாக மட்டும் எழுதுங்கள்: தெளிவு, இரைச்சல், உடைகிறது. “இரைச்சல்” வந்த இடத்தை நிகழ்ச்சியன்று “உடைகிறது” என்றே கணக்கில் கொள்ளுங்கள். அன்று அங்கே லாரிகள் நிற்கும், இரும்புக் கூடாரம் இருக்கும், கூட்டம் இருக்கும். மனித உடலும் அலையை நன்றாகவே விழுங்கும்.

உடையும் இடத்துக்கு மருந்து உண்டு. முதலில் இரண்டடி நகர்ந்து பாருங்கள். பல நேரம் அதுவே போதும். அடுத்து, ஹேண்டியோடு வரும் குட்டி ரப்பர் ஆன்டெனாவைக் கழற்றிவிட்டு நீளமானதைப் போடுங்கள். அது இல்லை என்றால் சுமார் 49 சென்டிமீட்டர் நீளக் கம்பி ஒன்றை ஆன்டெனா இணைப்பின் வெளி உலோகத்தில் பிடிப்பித்துத் தொங்கவிடுங்கள். 145 மெகாஹெர்ட்ஸுக்கு அது கால் அலைநீளம், ஆன்டெனாவுக்கு இல்லாமலிருந்த மறுபாதியை அது தருகிறது. முனை மையக் கம்பியைத் தொடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அப்போதும் எட்டாவிட்டால் இடையில் ஒரு மாடியில் ஒருவரை உட்கார வைத்துச் செய்தியைக் கைமாற்றச் சொல்லுங்கள். மாடியில் உட்கார்ந்திருப்பவர் சலிப்பாக இருக்கிறது என்பார். அன்றைய நாள் அவரால்தான் ஓடும்.

5. அலைவரிசைத் திட்டத்தை ஓர் அட்டையில் எழுதுங்கள்

மூன்று வழி போதும்: முதன்மை, மாற்று, பேச்சு. முதன்மை பெரும்பாலும் ரிப்பீட்டராக இருக்கும். அதைப் பராமரிப்பவரிடம் தேதியும் நேரமும் சொல்லி முன்கூட்டியே அனுமதி வாங்குங்கள். மாற்று என்பது ரிப்பீட்டர் இல்லாத நேரடி அலைவரிசை, அதாவது சிம்ப்ளெக்ஸ். ரிப்பீட்டர் விழுந்தால் என்ன செய்வது என்று அன்று யோசிக்க நேரம் இருக்காது. மூன்றாவது, தண்ணீர்ப் பெட்டி எங்கே, யார் எப்போது மாற்ற வருவார் போன்ற நீளமான பேச்சுகளுக்கு. இவை முதன்மையில் ஓடினால் மயங்கி விழுந்தவரைப் பற்றிய செய்தி வரிசையில் காத்திருக்கும்.

அலைவரிசை, ரிப்பீட்டருக்கு அனுப்பும் அலைவரிசை கேட்பதிலிருந்து 600 கிலோஹெர்ட்ஸ் விலகுவது மேலா கீழா, ரிப்பீட்டரைத் திறக்கும் டோன் எத்தனை என்று மூன்று வழிக்கும் ஓர் அட்டையில் அச்சடித்து எல்லோருக்கும் கொடுங்கள். செட்டின் நினைவகத்திலும் எல்லோரும் ஒரே வரிசையில் 1, 2, 3 என்று பதிந்துகொள்ளட்டும். “இரண்டுக்குப் போங்கள்” என்று சொன்னால் ஒவ்வொருவரும் வேறு வேறு இடத்துக்குப் போகும் குழப்பம் இதில் இல்லை.

பொத்தான் சிக்கிக்கொள்வதற்கும் இந்த அட்டையிலேயே விதி வையுங்கள். யாராவது ஒருவர் மைக்கின் மேல் உட்கார்ந்துவிடுவார், அல்லது பைக்குள் பொத்தான் அழுந்திக்கொள்ளும். முழு நெட்டும், அதாவது ஒரே அலைவரிசையில் சேர்ந்து பேசும் எல்லோருக்குமான வழியும், அடைத்துவிடும். அந்த ஆளிடம் சொல்லவும் வழியில்லை, அவருடைய செட் அனுப்பிக்கொண்டிருக்கிறது, கேட்கவில்லை. “முதன்மை 30 விநாடி அடைத்திருந்தால் எல்லோரும் மாற்றுக்குப் போகவும்” என்று ஒரு வரி எழுதியிருந்தால் போதும். மாற்றில் ஆள் எண்ணும்போது யார் வரவில்லையோ அவர்தான். உடனே கைப்பேசியிலோ ஆள் அனுப்பியோ சொல்லிவிடலாம்.

6. ஆட்களைப் பொருத்துங்கள்

நெட் கன்ட்ரோலில், அதாவது கட்டுப்பாட்டு அறையிலிருந்து நெட்டை நடத்தும் இருக்கையில், இருவர் வேண்டும். ஒருவர் பேசுவார், ஒருவர் எழுதுவார். ஒரே ஆள் இரண்டையும் செய்தால் ஒரு மணி நேரத்துக்குள் பதிவேட்டில் ஓட்டை விழத் தொடங்கும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பேசுபவரை மாற்றுங்கள். அவருக்குச் சோர்வு தெரியாது, கேட்பவர்களுக்குத் தெரிந்துவிடும்.

இந்த இருக்கையைக் கிளப்பின் மூத்தவருக்கு மரியாதைக்காகக் கொடுக்காதீர்கள். நிதானமான குரல், வேகமான காது, “பொறுங்கள்” என்று யாரிடமும் சொல்லத் தயங்காத தன்மை உள்ளவருக்குக் கொடுங்கள். பல கிளப்புகளில் அது வயதில் சிறியவராக இருக்கும்.

புதியவரைத் தனியாகத் தொலைதூர மேசையில் விடாதீர்கள். அனுபவம் உள்ளவரோடு சேர்த்து, புதியவர் கையில் செட்டையும் மற்றவர் கையில் பேனாவையும் கொடுங்கள். இதைத் தலைகீழாகச் செய்தால் புதியவர் நாள் முழுக்க வேடிக்கை பார்த்துவிட்டுப் போவார்.

பத்து இடம் என்றால் பன்னிரண்டு பேரை வைத்துக்கொள்ளுங்கள். காலையில் ஒருவர் வரமாட்டார், அது எப்போதும் நடப்பதுதான்.

7. பையைக் கட்டுங்கள்

மின்கலத்தை ஊகிக்காதீர்கள், கணக்குப் போடுங்கள். 5 வாட் ஹேண்டி அனுப்பும்போது சுமார் 1.5 ஆம்பியர் இழுக்கும். 8 மணி நேரத்தில் மொத்தம் 20 நிமிடம் பேசினால் அதற்கே 0.5 ஆம்பியர்-மணி. மீதி நேரம் ஸ்பீக்கர் சத்தத்தோடு கேட்டுக்கொண்டிருக்கச் சராசரியாக 0.15 ஆம்பியர் என்று வைத்தால் இன்னும் 1.15. ஆக 1.65 போய்விட்டது. மின்கலத்தின் மேல் 2000 மில்லி ஆம்பியர்-மணி என்று எழுதியிருந்தாலும் பழையதானால் அவ்வளவு தராது. இரண்டாவது மின்கலம் கட்டாயம். தெளிவாக எட்டும் இடத்தில் 1 வாட்டுக்கு இறக்கிவிட்டால் இன்னும் நீடிக்கும்.

காதில் மாட்டும் இயர்போன் இல்லாமல் யாரும் போகக் கூடாது. முடிவுக் கோட்டருகே ஒலிபெருக்கியும் கைத்தட்டலும் சேர்ந்தால் ஹேண்டியின் ஸ்பீக்கர் கேட்கவே கேட்காது. இரண்டு பேனா, பலகையோடு தாள், அட்டை, குடிநீர், தொப்பி, மழை வந்தால் செட்டைப் போட ஒரு பிளாஸ்டிக் பை. அவ்வளவுதான். பெரிய பையோடு வருபவர் அதைக் காவல் காப்பதிலேயே இருப்பார்.

கட்டுப்பாட்டு அறைக்குத்தான் நல்ல கருவி தேவை. வண்டியில் பொருத்தும் 25 அல்லது 50 வாட் செட், 12 வோல்ட் மின்கலம், கம்பத்தில் ஆன்டெனா. கேபிளைக் கவனியுங்கள். மெல்லிய ஆர்ஜி-58 கேபிள் 20 மீட்டர் ஓடினால் 2 மீட்டர் பட்டையில் பாதிக்கு மேல் சக்தி அதிலேயே கரைந்துவிடும். வந்து சேரும் சிக்னலுக்கும் அதே கதிதான். தடித்த கேபிள் போடுங்கள், அல்லது கேபிளைக் குட்டையாக்குங்கள்.

கம்பம் நடும்போது ஒரு விதியைத் தளர்த்தவே கூடாது. ஆன்டெனாவோடு சேர்த்துக் கம்பம் எவ்வளவு உயரமோ, அதைப் போல் ஒன்றரை மடங்கு தொலைவுக்குள் எந்தப் பக்கமும் மின்கம்பி இருக்கக் கூடாது. சாய்ந்தாலும் கம்பியில் படக் கூடாது என்பதே காரணம். இதில் உயிர் போகும். இடி கேட்டால் கேபிளைக் கழற்றிவிட்டுத் தள்ளி நில்லுங்கள்.

8. பேசும் முறையை ஒத்திகை பாருங்கள்

இதற்கு ஒரு மாலை ஒதுக்குங்கள். செட்டே தேவையில்லை, ஒரே அறையில் முதுகைத் திருப்பி உட்கார்ந்துகொண்டால் போதும். முகம் பார்க்க முடியாதபோது நாம் எவ்வளவு அரைகுறையாகப் பேசுகிறோம் என்பது உடனே தெரிந்துவிடும்.

முதலில் பொத்தான். அழுத்தி, ஒரு மூச்சு விட்டு, பிறகு பேச வேண்டும். ரிப்பீட்டர் விழித்துக்கொள்ளவும், டோனைக் கண்டுகொள்ளவும், கேட்பவரின் செட் மின்சேமிப்பிலிருந்து எழவும் நேரம் பிடிக்கும். அழுத்தியவுடன் பேசினால் முதல் சொல் போய்விடும். அந்த முதல் சொல்தான் யாரை அழைக்கிறீர்கள் என்பது.

அடுத்து வரிசை. அழைக்கப்படுபவர் பெயர் முதலில், உங்கள் பெயர் பிறகு. பதில் வந்த பின்புதான் செய்தி. ஒரு சாதாரணப் பரிமாற்றம் இப்படி இருக்க வேண்டும்:

“கன்ட்ரோல், முதலுதவி இரண்டு.”

“முதலுதவி இரண்டு, சொல்லுங்கள்.”

“வழக்கச் செய்தி. ஓட்ட எண் ஒன்று, எட்டு, ஐந்து, ஏழு. விலகுகிறார். நடக்க முடிகிறது. வண்டி வேண்டும். ஓவர்.”

“எண் ஒன்று, எட்டு, ஐந்து, ஏழு. விலகல். நடக்க முடிகிறது. முதலுதவி இரண்டுக்கு வண்டி. நேரம் 8:42. சரியா?”

“சரி.” அதோடு தன் அழைப்புக்குறியைச் சொல்லி முடிக்கிறார்.

இதில் கன்ட்ரோல் செய்தியைத் திருப்பிச் சொன்னதைக் கவனியுங்கள். “ரோஜர்” என்று மட்டும் சொல்லியிருந்தால் எண்ணைச் சரியாகக் கேட்டாரா என்று அனுப்பியவருக்குத் தெரிந்திருக்காது.

எண்களை எப்போதும் ஒவ்வொரு இலக்கமாகவே சொல்லுங்கள். “ஆயிரத்து எண்ணூற்று ஐம்பத்தேழு” என்று சொன்னால் இரைச்சலில் வேறு ஏதோவாகப் போய்ச் சேரும். பேச்சில் ஒம்பதும் அம்பதும், அறுபதும் எழுபதும் கலந்துவிடும். இலக்கமாகச் சொன்னால் அந்தச் சிக்கல் இல்லை.

செய்திக்கு மூன்று தரம் வையுங்கள்: அவசரம், முக்கியம், வழக்கம். அழைக்கும்போதே தரத்தைச் சொல்ல வேண்டும். “அவசரம்” என்று கேட்டதும் மற்ற எல்லோரும் பொத்தானிலிருந்து விரலை எடுத்துவிட வேண்டும். எஃப்எம்மில் இருவர் ஒரே நேரத்தில் அழுத்தினால் வலுவான சிக்னல் மற்றதை முழுங்கிவிடும், அல்லது இரண்டும் கீச்சென்று கலந்து போகும். மெல்லிய சிக்னலில் தூரத்து முதலுதவிக் கூடாரம் கூப்பிட்டுக்கொண்டிருந்தால் யாருக்கும் தெரியாமலே போய்விடும்.

நீளமான செய்தியைப் படிக்கும்போது நான்கைந்து சொல்லுக்கு ஒருமுறை நிறுத்துங்கள். மறுபக்கத்தில் ஒருவர் கையால் எழுதுகிறார். நீங்களும் அதே வேகத்தில் காற்றில் எழுதிக்கொண்டே படித்தால் வேகம் தானாகச் சரியாகும்.

9. நிகழ்ச்சி நாள்

முதல் ஓட்டக்காரர் கிளம்புவதற்கு ஒரு மணி நேரம் முன்பே நெட்டைத் திறந்து, ஒவ்வோர் இடத்தையும் பெயர் சொல்லி அழைத்துச் சரிபாருங்கள். எட்டாத இடம் இருந்தால் அதைச் சரிசெய்ய அந்த ஒரு மணி நேரம்தான் உண்டு. எல்லோரும் கடிகாரத்தையும் அப்போதே ஒன்றாக வைத்துக்கொள்ளட்டும்.

இடத்துக்குப் போனதும் அங்கிருக்கும் பொறுப்பாளரிடம் உங்களை அறிமுகம் செய்துகொள்ளுங்கள். “நான் ரேடியோ. கட்டுப்பாட்டு அறைக்கு எது சொல்ல வேண்டுமானாலும் என்னிடம் சொல்லுங்கள்.” இதைச் சொல்லாமல் ஓரமாக நின்றால் அவர் கைப்பேசியிலேயே முயன்றுகொண்டிருப்பார், நீங்கள் நின்றதே வீணாகும்.

ஒலிபெருக்கியின் ஆம்ப்ளிஃபயரிலிருந்தும் நேரம் பதியும் கருவிகளிலிருந்தும் சில மீட்டர் தள்ளி நில்லுங்கள். பக்கத்தில் பொத்தானை அழுத்தினால் ஒலிபெருக்கியில் உறுமல் வரலாம். அமைப்பாளர் அடுத்த வருடம் உங்களைக் கூப்பிட யோசிப்பார்.

நெட் அமைதியாக இருக்கும்போது அதை நிரப்ப வேண்டாம். அமைதி நல்லது. ஆனால் கன்ட்ரோல் அரை மணிக்கு ஒருமுறை எல்லா இடங்களையும் விரைவாகச் சுற்றி வர வேண்டும். மின்கலம் தீர்ந்து போனவர் தானாகக் கூப்பிட்டுச் சொல்லமாட்டார்.

எழுதுபவருக்கு ஒரு வார்த்தை: நேரம், யாரிடமிருந்து, யாருக்கு, என்ன, என்ன செய்தோம். ஐந்து கட்டம். கடைசிக் கட்டம் காலியாக இருக்கும் வரி இன்னும் முடியாத வேலை. வண்டி கேட்டு 20 நிமிடம் ஆகியும் அந்தக் கட்டம் காலியாக இருந்தால், கேட்காமலே பேசுபவரின் தோளைத் தட்டுங்கள்.

10. யாராவது விழுந்துவிட்டால்

உயிராபத்து என்று தெரிந்தால் கைப்பேசி வேலை செய்கிறதா என்று முதலில் பாருங்கள். செய்தால் உங்கள் நாட்டின் அவசர எண்ணை அழைப்பதுதான் முதல் வேலை. பக்கத்தில் இருப்பவரை அழைக்கச் சொல்லிவிட்டு நீங்கள் நெட்டில் சொல்லலாம். ரேடியோக்காரர்கள் ரேடியோவை மட்டுமே நம்பி நிமிடங்களை இழக்கக் கூடாது.

நெட்டில் சொல்ல வேண்டியது: அவசரம், சரியான இடம், ஓட்ட எண், மருத்துவப் பணியாளர் சொன்னதை அப்படியே. “மாரடைப்பு போலிருக்கிறது” என்று உங்கள் ஊகத்தைச் சேர்க்காதீர்கள். சுயநினைவு இருக்கிறதா, மூச்சு விடுகிறாரா என்று கண்ணால் பார்த்ததைச் சொல்லுங்கள். மருத்துவமனையில் அதை வைத்துத்தான் தயாராவார்கள்.

பெயரை அலையில் சொல்லவே கூடாது. ஹாம் அலைவரிசை திறந்த வெளி, ஸ்கேனர் வைத்திருக்கும் யாரும் கேட்கலாம். பொருளை மறைக்கும் சங்கேதமும் நமக்குப் பொதுவாக அனுமதி இல்லை. கூட்டத்தில் அவருடைய வீட்டார் நின்றுகொண்டிருக்கலாம். அவர்களுக்கு இந்தச் செய்தி ஒரு ஹேண்டியின் ஸ்பீக்கர் வழியாகத் தெரியக் கூடாது. ஓட்ட எண் போதும், பெயர் அமைப்பாளரின் பட்டியலில் இருக்கிறது.

11. முடிப்பதும் எழுதி வைப்பதும்

யாரும் தானாகக் கிளம்பக் கூடாது. கடைசி வண்டி கடந்ததும் கன்ட்ரோல் ஒவ்வோர் இடமாக விடுவிக்கும், அதன் நேரமும் பதிவாகும். சொல்லாமல் போனவரைத் தேடி ஆள் அனுப்ப வேண்டிவரும்.

ஒரு வாரத்துக்குள் எல்லோரும் உட்கார்ந்து பேசுங்கள். அதற்கு மேல் போனால் எல்லாம் நன்றாக நடந்ததாகவே நினைவிருக்கும். எந்த இடத்தில் உடைந்தது, எந்தச் செய்தி தாமதமானது, ஏன் என்று பதிவேட்டைக் கையில் வைத்துக்கொண்டு கேளுங்கள். யார் தவறு என்ற பேச்சை எடுக்க வேண்டாம், எடுத்தால் அடுத்த முறை புதியவர்கள் வரமாட்டார்கள். சோதனையின்போது குறித்த வரைபடத்தில் உண்மையில் நடந்ததையும் வேறு நிறத்தில் குறித்துக் கிளப்பின் கோப்பில் வையுங்கள். அடுத்த வருடம் பாதி வேலை அதிலேயே முடிந்திருக்கும்.

12. இதே குழுவைப் பேரிடருக்குத் தயார் செய்வது

இப்படி இரண்டு மூன்று நிகழ்ச்சிகள் செய்த குழு பேரிடர் வேலைக்கு அடிப்படை பெற்றுவிட்டது. இன்னும் மூன்று விஷயம் தேவை.

ஒன்று, அழைப்பு. வெள்ளமோ நிலநடுக்கமோ வந்ததும் செட்டைத் தூக்கிக்கொண்டு தானாகக் கிளம்பிப் போகக் கூடாது. மீட்புப் பணியாளர்களுக்குக் காப்பாற்ற இன்னும் ஓர் ஆள் கூடிவிடும். உங்கள் பகுதியில் பேரிடர் பொறுப்பில் இருக்கும் அமைப்போடு அமைதிக் காலத்திலேயே பேசி, யார் கூப்பிடுவார், யார் வருவார் என்று எழுத்தில் வைத்துக்கொள்ளுங்கள். மாரத்தான் பதிவேடுகளை அந்தச் சந்திப்புக்கு எடுத்துப் போங்கள். நாம் என்ன செய்வோம் என்று விளக்குவதைவிட என்ன செய்தோம் என்று காட்டுவது எளிது.

இரண்டு, தூரம். மின்சாரம் போய் ரிப்பீட்டரும் விழுந்தால் பக்கத்து ஊரை எட்ட எச்எஃப் (3 முதல் 30 மெகாஹெர்ட்ஸ் வரையிலான சிற்றலை) வேண்டும். பகலில் 7 மெகாஹெர்ட்ஸில் ஓர் அரை அலை டைபோல் (நடுவில் கேபிள் இணைத்த இரு பாதிக் கம்பி ஆன்டெனா), மொத்தம் சுமார் 20 மீட்டர் கம்பி, சில மீட்டர் உயரத்திலேயே கட்டினால் அலை மேல்நோக்கிப் போய் அயனி மண்டலத்தில் பட்டுச் சுற்றியுள்ள சில நூறு கிலோமீட்டருக்குள் இறங்கும். உயரக் கட்டத் தேவையில்லை என்பதே இதன் வசதி. இரவில் 3.5 மெகாஹெர்ட்ஸுக்கு இறங்க வேண்டிவரும். 7110 கிலோஹெர்ட்ஸையும் 14300 கிலோஹெர்ட்ஸையும் அவசரத் தொடர்பு கூடும் இடங்களாகச் சர்வதேச அமெச்சூர் வானொலி ஒன்றியம் குறித்திருக்கிறது. அவற்றையும் அட்டையில் சேர்த்துக்கொள்ளுங்கள், சாதாரண நாள்களில் அங்கே பேசுவதற்கு முன்பு கொஞ்சம் கேட்டுப் பாருங்கள்.

மூன்று, செய்தித் தாள். மாரத்தானில் வாய்ச்செய்தி போதும். பேரிடரில் மருந்துப் பட்டியல், முகாமில் இருப்போர் எண்ணிக்கை போன்றவை சொல் மாறாமல் போய்ச் சேர வேண்டும். வரிசை எண், தரம், யாரிடமிருந்து, யாருக்கு, தேதி, நேரம், செய்தி, கையொப்பம் என்று ஒரு படிவம் அச்சடித்து, கிளப்பின் வாராந்திர நெட்டில் வாரம் ஒருவர் ஒரு மருந்துப் பட்டியலை அனுப்பட்டும், மற்றொருவர் எழுதட்டும். பிறகு இரண்டு தாளையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். மில்லிகிராமில் ஓர் இலக்கம் மாறியிருந்தால் அதே பட்டியலை மறுபடி அனுப்பச் சொல்லுங்கள்.